கவிழ்த்து வைத்த வைஸ்

செப்டம்பர் 27, சனி

மில்லிங் மெஷின் வந்து இறங்கிவிட்டது. ரிஸ்வானா வீட்டு கார் ஷெட்டில் நிற்கிறது. அந்த வீட்டில் கார் என்று ஒன்று இருந்ததே இல்லை. என்றைக்காவது வாங்கலாம் என்று அவளுடைய அத்தா மஸ்கட்டில் இருந்தபடியே ஆசைப்பட்டுக் கட்டச் சொன்ன ஷெட். இத்தனை வருஷமும் அதில் அவளுடைய அம்மா, ஜுலைகா அம்மா, துணி காயப்போட்டார்கள். இன்று கொடியை அவிழ்த்துவிட்டு இரும்பை நிறுத்தியிருக்கிறோம்.

கிரேன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங் அம்மணி, இதை ஓட்டறது யாருங்க?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருந்தானுங்க."

அவர் ரிஸ்வானாவின் முக்காட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். ஆம்பளை யாராவது வெளியே வருவார் என்று காத்திருந்தார் போல. வெளியே வந்தது ஜுலைகா அம்மா, மோர் சொம்போடு.

நானும் ரிஸ்வானாவும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். படித்து முடித்து நான் போன கம்பெனியில் மூன்று வருஷம் என்னை மெஷின் பக்கம் விடவில்லை. பேக்கிங் மேஜை. என்னோடு படித்த பையன்கள் ஆபரேட்டர் ஆனார்கள், அவர்கள் ஓட்டிய உருப்படிக்கு நான் அட்டைப்பெட்டி ஒட்டினேன். எங்கள் தெருப் பெயரை பயோடேட்டாவில் பார்த்ததும் மேனேஜர் முகம் எப்படி மாறியது என்பதை இங்கே எழுதி இந்த நல்ல நாளைக் கெடுக்க விருப்பமில்லை.

குறிச்சியில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி எங்களுக்குச் சாம்பிள் கொடுத்திருக்கிறது. எட்டு இரும்புக் கட்டைகள். மேலும் கீழும் சீவி, எந்த மூலையில் அளந்தாலும் ஒரே கனம் வர வேண்டும். இரண்டு கோடு வித்தியாசம் வரை பரவாயில்லை. கோடு என்றால் அளவு பார்க்கும் டயலில் முள் காட்டும் சின்னக் கோடு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பத்தாம் தேதி கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பாஸானால் மாதாமாதம் வேலை வரும். இல்லையென்றால் ரிஸ்வானா ஓசூருக்குப் போவாள், அங்கே ஒரு கார் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. மெஷின் புரோக்கரிடம் போகும். நான் அட்டைப்பெட்டிக்குப் போவேன்.

அவள் போனால் போகட்டும். அவள் வாழ்க்கை. எனக்கு ஒன்றுமில்லை.

மதியம் அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். பசியில்லை என்றேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

முதல் சீவல். பழைய இரும்புத் துண்டு ஒன்றை வைஸில் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். வைஸ் என்பது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தாடை, அதுவே ஒரு ஆள் கனம் இருக்கும். மெஷின் சத்தம் போட்டதும் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. எனக்கும் கண் கலங்கியது, எண்ணெய்ப் புகைதான்.

சீவிய பரப்பு மோசம். நகத்தை இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் படி தட்டுகிறது. அப்படியென்றால் கட்டரைச் சுழற்றும் தலைப்பகுதி, ஹெட், சாய்ந்திருக்கிறது, கட்டர் ஒரு பக்கத்தால் மட்டும் கடிக்கிறது. பழைய பட்டறையிலிருந்து பெயர்த்து, லாரியில் ஏற்றி, கிரேனில் தொங்கவிட்ட மெஷின் நேராகவா இருக்கும்?

ரிஸ்வானா ஒரு லாரி பேரிங்கின் வெளி வளையத்தைக் கொண்டுவந்தாள். அதை டேபிள் மேல் வைத்து, கட்டர் மாட்டும் ஸ்பிண்டிலில் டயலைக் கட்டி, முள் நுனி வளையத்தின் மேல் ஊர்கிற மாதிரி கையால் சுற்றினோம். டேபிளில் நீளக் குழிகள் உண்டு, வளையம் இல்லாமல் சுற்றினால் முள் குழிக்குள் விழும். இடப்பக்கம் பூஜ்யம். வலப்பக்கம் முப்பத்தொரு கோடு.

"அடியே, இது ஹெட்டா, குடிகாரன் தலையா?" என்றாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஹெட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டையும் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, சுற்றிப் பார்த்து, மறுபடி தட்டி. முள் நேராக நிற்கும். ஆகா என்று நட்டை இறுக்கினால் மூன்று கோடு ஓடிவிடும். இறுக்கும்போது ஓடும் தூரத்தைக் கணக்கில் வைத்து எதிர்ப்பக்கம் முன்கூட்டியே தள்ளி வைக்க வேண்டும். அது புரிய மாலை ஆகிவிட்டது. இடம் வலம் சரியானதும் முன் பின் கெட்டது.

வைஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். அடிப்பாகத்தில் யாரோ எந்தக் காலத்திலோ விட்ட துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பளபளவென்று ஆகிவிட்டது.

நாளை ஆயுத பூஜை. ஜுலைகா அம்மா ஷெட் வாசலில் வந்து நின்று, "மதி, உங்க வீட்ல மெஷினுக்கு எப்படிம்மா கும்புடுவீங்க? ஏதாச்சும் வாங்கி வெக்கணுமா?" என்று கேட்டார்கள்.

"நான் அதெல்லாம் கும்புடறதில்லீங்கம்மா. ரெண்டு நாளு லீவு, அவ்வளவுதான்."

கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. பழைய கம்பெனியில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினுக்குச் சந்தனம், பொட்டு, மாலை. பெண்களெல்லாம் இன்றைக்கு மெஷின் கிட்டே வராதீங்க, யாரு எப்படி இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியாது என்று சூப்பர்வைசர் மைக் வைக்காத குறையாகச் சொல்வான். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பொரி வாங்கிக்கொண்டு வருவோம். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் நான் ஒரு மெஷினுக்குப் பொட்டு வைப்பதாக இல்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

அக்டோபர் 1, புதன்

வீட்டில். எங்கம்மா கார்ப்பரேஷன் துடைப்பத்தைக் கழுவிப் பொட்டு வைத்தாள். பதினாறு வருஷமாக நிரந்தரமாக்காத வேலையின் துடைப்பம். "எதுக்குமா இது?" என்றால், "சோறு போடுதில்ல?" என்கிறாள். ஊர் முழுக்க நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் அதை அள்ளப் போவது சாமி இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

அம்மாவோடு போய் இரண்டு தெருவுக்குப் பூசணிக்காய் அள்ளினேன். கை இன்னும் வழவழக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முள் நின்றுவிட்டது! இடம், வலம், முன், பின், எங்கே சுற்றினாலும் அரைக் கோடுகூட அசையவில்லை. நட்டை முழுக்க இறுக்கிய பிறகு. ரிஸ்வானா டயலுக்கு முத்தம் கொடுக்கப் போனாள், மூக்கு இடித்து முள் ஆடிவிட்டது, திட்டினேன், மறுபடி சுற்றிப் பார்த்தோம், அப்படியே நின்றது.

சாக்கின் மேல் கிடந்த வைஸை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, "ஏலேலோ" போட்டு, டேபிள் மேல் ஏற்றிப் பூட்டினோம். தாடையை டயல் வைத்து நேர் பார்த்தோம். பழைய துண்டைச் சீவினால் கண்ணாடி. வரி தெரிகிறது, படி இல்லை. கட்டர் போகும்போதும் உரசுகிறது, பின்பக்கமும் உரசுகிறது, நெய்த துணி மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சன்னக் கோடுகள். ஹெட் நேராக இருந்தால்தான் அப்படி வரும்.

ஜுலைகா அம்மாவைக் கூட்டிவந்து காட்டினோம். தடவிப் பார்த்து, "பட்டாட்டம் இருக்குதே. இதுல என்ன செய்வீங்க?" என்றார்கள்.

"இது சும்மா. டெஸ்ட்."

"அப்போ எனக்குக் குடுங்க. ஊறுகாய் ஜாடி மேல வெக்கக் கனமா ஒண்ணு தேடிட்டு இருந்தேன்."

அக்டோபர் 4, சனி

பத்து மணி: சாம்பிள் கட்டை ஒன்றை மேலே சீவி, திருப்பிப் போட்டுக் கீழே சீவினோம். அழகு.

பத்தரை: மைக்ரோமீட்டர் வைத்து நான்கு மூலையும் அளந்தாள் ரிஸ்வானா. ஒரு மூலை மற்றதைவிட ஏழு கோடு மெலிசு.

மறுபடி அளந்தாள். ஏழு.

நான் அளந்தேன். ஏழு.

மெஷினை நிறுத்தினோம்.

அக்டோபர் 6, திங்கள்

நாள் பூராவும் ஹெட். நட்டைத் தளர்த்து, தட்டு, சுற்று, இறுக்கு. முள் ஒழுங்காக நிற்கிறது. கட்டை ஒழுங்காக வரவில்லை. மூன்று சாம்பிள் கட்டைகளில் முதல் சீவல் போட்டாகிவிட்டது, இனி வீணாக்க இரும்பு இல்லை. கம்பெனியில் போய் இன்னொரு எட்டு கொடுங்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பொம்பளைங்கன்னு பாவம் பார்த்துக் கொடுத்தோம் என்பார்கள். அந்தப் பாவத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் வைக்கட்டும்.

நாலு மணிக்கு ரிஸ்வானா சொன்னாள்: "மதி, ஹெட்டை விடு. ஹெட் சாஞ்சிருந்தா படி விழணும். படி எங்க விழுது? வழவழன்னு இருக்கு. மூலை மட்டும் கொறையுது. கோளாறு கீழ எங்கியோ இருக்கு."

"கீழ என்ன இருக்கு? டேபிள்தானே? டேபிளைத்தான் டயல் வெச்சுச் சுத்திச் சுத்திப் பாத்தாச்சே."

"எனக்கென்ன தெரியும். ஆனா ஹெட் இல்லே."

"உன்ற மைக்ரோமீட்டர் சரியில்ல."

"அது முந்தாநாளு வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு, நீ பேசாம இருந்தப்போ."

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "உனக்கென்னடி, ஓசூர் இருக்கு. பத்தாம் தேதிக்கு அப்புறம் நீ பஸ்ஸேறிப் போயிருவே. என்ற பாடு எனக்கில்ல தெரியும்."

ரிஸ்வானா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மெதுவாகத்தான் சாத்தினேன். சத்தம் தெருமுனைவரை கேட்டதாக எதிர்வீட்டு அக்கா சொன்னது மிகை.

அக்டோபர் 7, செவ்வாய்

போகவில்லை. தலைவலி.

அவள் போன் செய்யவில்லை. நானும்தான். சார்ஜ் குறைகிறதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தேன், அவ்வளவே.

அக்டோபர் 8, புதன்

முதலில் இதை எழுதிவிடுகிறேன்: ஜுலைகா அம்மாவைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. திட்டுவதா, காலில் விழுவதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

காலையில் போனேன். ரிஸ்வானா எனக்கு முன்னாலேயே ஷெட்டில் இருந்தாள். நேற்றும் வேலை பார்த்திருக்கிறாள். வைஸின் உள்பரப்பில், கட்டை உட்காரும் இடத்தில், டயலை ஓடவிட்டிருக்கிறாள். அந்த மூலையில் ஏழு கோடு உயரம்.

"வைஸே சாஞ்சு உக்காந்திருக்கு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "கழட்டிப் பாக்கலாம்னு நெனச்சேன். ஒருத்தியாத் தூக்க முடியல."

"கூப்புட்டிருக்கலாமில்ல?"

"கதவைச் சாத்தின சத்தம் காதுல இன்னும் இருந்துச்சு."

போல்ட்டைக் கழற்றி வைஸைத் தூக்கிப் புரட்டினோம். பளபளவென்று தேய்த்து வைத்த அடிப்பாகத்தில், ஒரு மூலையில், வட்டமாக மஞ்சள் திட்டு. விரலால் தேய்த்தேன், வரவில்லை. கல் மாதிரி காய்ந்து, இறுகி, தட்டையாக ஒட்டியிருந்தது. கத்தி முனையால் சுரண்டி மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

நான் ரிஸ்வானாவைப் பார்த்தேன். ரிஸ்வானா வீட்டுப் பக்கம் பார்த்தாள். "அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஜுலைகா அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்கள்.

"என்னடி, கையக் கிய்ய வெட்டிக்கிட்டியா?"

"இதென்னம்மா?"

அம்மா குனிந்து பார்த்தார்கள். கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள், அதுதான் குற்றவாளி போல. "நான்தான் வெச்சேன்" என்றார்கள். "ஆயுத பூஜை அன்னைக்கு. பூக்காரக்காகிட்ட எப்படி வெக்கணும்னு கேட்டுக்கிட்டேன். தர்கா சந்தனம் கொஞ்சம் வீட்ல இருந்துச்சு. அதக் கொழச்சு எல்லாத்துக்கும் ஒவ்வொரு பொட்டு."

"ஏம்மா? நாந்தான் கும்புட மாட்டேன்னு சொன்னேனே!" என்றேன்.

"நீ சொன்னே. இது எங்க வீடுங்கறதால கூச்சப்பட்டுச் சொல்றேன்னு நெனச்சேன். மனசுக்குள்ள ஆசை இருக்கும், முஸ்லிம் வீட்ல எப்படிக் கேக்கறதுன்னு வாய மூடிட்டேன்னு. ஊர்ல அத்தனை மெஷினுக்கும் பூவும் பொட்டுமா இருக்கயில, என்ற புள்ளைங்க மெஷின் மட்டும் ஏன் மொட்டையா நிக்கணும்? நான் சாமி கும்புடலம்மா, அது அல்லாவுக்குத் தெரியும். உன்ற மனசுக்காக வெச்சேன்."

ரிஸ்வானா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் பாத்துட்டுத் திட்டுனேன் மதி. நீ பாத்தேன்னா கத்துவேன்னு எல்லாத்தையும் துணி போட்டுத் தொடச்சேன். வைஸ் மூலையில சாக்கு மேல கெடந்துச்சு, அதுல இருந்தது கண்ணுல படவே இல்ல. அடியில வெப்பாங்கன்னு யாரு கண்டா?"

"அடியா?" என்றார்கள் அம்மா. "நீங்கதான் அதக் கவுத்துப் போட்டிருந்தீங்களே! மேல பளபளன்னு இருந்துச்சு, அதுதான் அதோட மூஞ்சின்னு நெனச்சேன்."

"சரி, ஏத்தும்போது அடிய நீ தொடைக்கலயா?" என்று ரிஸ்வானாவைக் கேட்டேன்.

"நீ தொடச்சேன்னு நெனச்சேன்."

"நீ தொடச்சேன்னு நான் நெனச்சேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் ரிஸ்வானா சாக்கில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மா மட்டும் சிரிக்காமல், "இத்தனூண்டு சந்தனத்துக்கா இந்தப் பெரிய மெஷினு கோவிச்சுக்கிச்சு?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்களால் நிறுத்தவே முடியவில்லை.

கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துப் பொரி கொடுத்தவர்களுக்கும், என் மெஷின் மொட்டையாக நிற்கக் கூடாதென்று தர்கா சந்தனத்தைக் குழைத்தவர்களுக்கும் ஒரே பதிலை வைத்திருந்தேன். அது சரியில்லை. இப்போதும் நான் பொட்டு வைக்கப் போவதில்லை. ஆனால் அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். இன்று விளக்கினேன். சூப்பர்வைசர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர்கள் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். ஜுலைகா அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியும் என்று ரிஸ்வானாவுக்கே தெரியாது.

அடிப்பாகத்தைச் சுத்தமாகத் துடைத்தோம். அவள் துடைத்தாள், நான் பார்த்தேன். நான் துடைத்தேன், அவள் பார்த்தாள். வைஸைப் பூட்டி உள்பரப்பில் டயல் ஓடவிட்டால் முள் தூங்குகிறது.

அக்டோபர் 9, வியாழன்

எட்டுக் கட்டையும் முடிந்தது. ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் எதிலும் இல்லை. அந்த மூன்றிலும் சீவ மிச்சம் இருந்ததால் தப்பித்தோம். சில்லு தெறித்து என் சுடிதாரில் ஓட்டை. அழகான ஓட்டை.

அக்டோபர் 10, வெள்ளி

குறிச்சி கம்பெனியில் சோதனை பார்ப்பவர் நாகமாணிக்கம் சார். எங்களைப் பார்த்ததும், "ஏம்மா, ஓனர் வரலீங்களா?" என்றார்.

"வந்திருக்கமுங்க."

"இல்ல, பட்டறைல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

"இருந்தா அளவு மாறுங்களா சார்?" என்றேன். ரிஸ்வானா என் காலை மிதித்தாள். பலமாக.

அவர் கட்டையைக் கருங்கல் பலகையில் வைத்து டயலை அதன் மேல் ஓட்டினார். முதல் கட்டை. இரண்டாவது. மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினார். ரிஸ்வானாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, விரல் மரத்துப்போனது. எட்டாவதையும் வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"எங்க போட்டீங்க இத?"

"கரும்புக்கடை ஏரியாவுல சார். வீட்டு ஷெட்ல."

"வீட்லயா?" இன்னொரு தரம் முதல் கட்டையை எடுத்து நான்கு மூலையும் பார்த்தார். "எங்களுக்கு வெளிய போட்டுக் குடுக்கறவங்க ஏசி ரூம்ல வெச்சுப் போடறாங்க, மூணு கோடு வருது. அடுத்த வாரம் டெம்போ அனுப்பறேன். எறக்கி வெக்க எடம் இருக்குதுங்களா?"

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தோம் என்று சொல்ல முடியாது. ஓடினோம். கரும்புச்சாறு குடித்தோம். அப்போதுதான் கேட்டேன், சும்மா, சாதாரணமாக. "அப்போ ஓசூருக்கு என்ன சொல்லப் போற?"

"சொல்லியாச்சு. வேண்டாம்னு."

"எப்போ? இப்பவா? நான் பாக்கலியே."

"செவ்வாக்கிழமை. நீ வராத அன்னைக்கு."

"அன்னைக்கு ஏழு கோடு தூக்கிட்டு இருந்துச்சுடி! பாஸாவோம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எவளுக்குத் தெரியும்?" ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "நீ இல்லாம அந்த வைஸ அரை இஞ்சு தூக்க முடியல. ஓசூர்ல போய் யாரைத் தூக்கச் சொல்றது?"

பைத்தியக்காரி. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிச்சியில் லாரி அதிகம், தூசி.

அக்டோபர் 15, புதன்

டெம்போ வந்தது. மழைத் தூறல். வார்ப்பட இரும்பை ஷெட் வாசலிலேயே டிரைவர் அடுக்க ஆரம்பித்துவிட்டார். ஜுலைகா அம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து, "தம்பி, வழி பூரா அடுக்கினா இவங்க பறந்தா உள்ள போவாங்க?" என்று அவரைத் திரும்ப எடுக்க வைத்தார்கள். நானும் ரிஸ்வானாவும் ஆளுக்கொன்றாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம்.

கடைசியில் டிரைவர் டெலிவரி சலானை நீட்டினார். "ஓனரு யாருங்க? ஒரு கையெழுத்து வேணும்."

என் இரண்டு கையிலும் இரும்பு. "நீ போடு" என்றேன் ரிஸ்வானாவிடம். அவள் பேனாவை வாங்கி டெம்போ கதவில் தாளை வைத்து எழுதினாள். இரும்பை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்தில், என் முழுப்பெயர், செல்வமதி.

பேனாவைப் பிடுங்கி அதன் கீழே நான் எழுதினேன், ரிஸ்வானா.

டிரைவர் தாளைப் பார்த்தார், ரிஸ்வானாவின் முக்காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இவிங்க பேர அவிங்களும் அவிங்க பேர இவிங்களும் போட்டா நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா யாரப் புடிக்கறது?"

"ரெண்டு பேரையும் புடிங்க" என்றாள் ரிஸ்வானா. "இப்போ வண்டிய எடுங்கண்ணா, மெஷின போடணும்."